அடுத்த நிலையத்தில் இறங்குபவரை வரைதல்

நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கும் பிரெஞ்சு ஓவியர் ஒனோரே டோமியேவின் ‘மூன்றாம் வகுப்புப் பெட்டி’ முழுமையடையாத ஓவியம். 1862க்கும் 1864க்கும் இடையில் அவர் அதில் வேலை செய்திருக்கிறார். முன்வரிசையில் மூவர். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் இளம் தாய், கூடையின் பிடிமேல் இரு கைகளையும் சேர்த்து வைத்திருக்கும் முக்காடிட்ட கிழவி, அவள் பக்கத்தில் தூங்கிச் சரிந்த ஒரு சிறுவன். அவர்கள் முதுகுக்குப் பின்னால் தொப்பிகளும் தலைகளுமாக ஒரு கூட்டம். சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து, கிழவியின் முகத்தில் களைப்பு எது, பொறுமை எது என்று பிரிக்க முடியாதபடி தங்கியிருக்கிறது. அவளுக்கு எதிர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வரைந்தது போலிருக்கும்.

ஆனால் நெருங்கிப் பார்த்தால் வண்ணத்துக்கு அடியிலிருந்து கட்டக் கோடுகள் தெரிகின்றன. சிறிய படத்தைப் பெரிய பரப்புக்கு மாற்ற ஓவியர்கள் கையாளும் வழி அது. சென்னையில் சினிமா பேனர் எழுதியவர்கள் பல பத்தாண்டுகள் இப்படித்தான் கட்டம் போட்டு முகங்களைப் பெரிதாக்கினார்கள். ஆக, இந்த ஓவியம் பெட்டிக்குள் பிறந்ததல்ல. பட்டறையில், சின்னப் படத்திலிருந்து கட்டம் கட்டமாக ஏற்றப்பட்டது. அந்தச் சின்னப் படமும் ரயிலில் வரைந்ததாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆளை எதிரில் உட்காரவைத்து வரையும் பழக்கம் டோமியேவுக்குக் குறைவு என்பது அவரை அறிந்தவர்கள் சொல்லி வந்த செய்தி. அப்படியானால் ரயில் பயணிகளைப் பற்றி உலகம் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டும் இந்த ஓவியம் பார்த்து வரைந்ததா, நினைத்து வரைந்ததா?

இந்தக் கேள்வி இன்று முக்கியமாகிவிட்டது. பேருந்திலும் மின்சார ரயிலிலும் மெட்ரோவிலும் கையடக்க நோட்டில் சக பயணிகளை வரைபவர்கள் உலகெங்கும் பெருகியிருக்கிறார்கள். ஸ்பெயினிலிருந்து அமெரிக்காவின் சியாட்டில் நகருக்குக் குடியேறிய இதழாளர் கேப்ரியல் காம்பனாரியோ 2007இல் தொடங்கிய ‘அர்பன் ஸ்கெட்சர்ஸ்’ இயக்கம் இவர்களில் பலருக்கு வீடு. அதன் கொள்கை அறிக்கையில் முதலாவதாக நிற்கும் விதி, இடத்திலேயே இருந்து, நேரில் பார்ப்பதை வரைய வேண்டும் என்பது. கண்ட காட்சிக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பதும் அதே அறிக்கையில் உண்டு. சென்னையிலும் வார இறுதிகளில் குழுவாகக் கூடி இப்படி வரைகிறவர்கள் இருக்கிறார்கள். புகைப்படத்தை வைத்துக்கொண்டு வீட்டில் வரைவதை அவர்கள் ஏற்பதில்லை. அந்தக் கண்டிப்பால் நன்மை நிறைய. தெரு ஓவியத்துக்கு அது ஒரு நேர்மையைக் கொடுத்தது.

ஆனாலும் விதியின் இரண்டு பாதிகள், அதாவது ‘இடத்திலேயே’ என்பதும் ‘உண்மையாக’ என்பதும், எப்போதும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்று நான் நம்பவில்லை. கட்டடத்துக்கு அவை பொருந்தும். கபாலீசுவரர் கோயில் கோபுரம் நாம் வரைந்து முடிக்கும்வரை அங்கேயே இருக்கும். பயணி அப்படியில்லை. அவர் அடுத்த நிலையத்தில் இறங்கிவிடுவார். பயணியை வரைவதன் வரலாற்றைப் பின்னோக்கிப் புரட்டினால், அதன் உச்சங்கள் பெரும்பாலும் நினைவிலிருந்து வரையப்பட்டவை என்பது தெரிகிறது. அது தற்செயலில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில், இப்படி ஒருவரை ஒருவர் பார்த்தபடி உட்காருவது எப்போது தொடங்கியது? ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1908இல் வெளியான தம் ‘சமூகவியல்’ நூலில், புலன்களைப் பற்றிய பகுதியில் இதைக் கவனித்திருக்கிறார். 19ஆம் நூற்றாண்டில் ஆம்னிபஸ்ஸும் ரயிலும் டிராமும் வருவதற்கு முன்னால், பேசிக்கொள்ளாமலே நிமிடக்கணக்கில், மணிக்கணக்கில் அந்நியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நிலை மனிதருக்கு ஏற்பட்டதில்லை என்பது அவர் கருத்து. சந்தையில் பார்த்தால் விலை கேட்போம். கோயிலில் பார்த்தால் தெய்வத்தைப் பார்ப்போம். திண்ணையில் வழிப்போக்கர் உட்கார்ந்தால் எந்த ஊர் என்று கேட்டாக வேண்டும். பார்வை மட்டும் தனித்து நிற்கும் இடத்தை முதன்முதலில் கட்டிக் கொடுத்தது பொது வாகனம்தான்.

பாரிசில் குதிரைகள் இழுத்த ஆம்னிபஸ் 1828இல் ஓடத் தொடங்கியது. அதன் இருக்கைகள் வண்டியின் நீளவாக்கில் இரு பக்கச் சுவரையும் ஒட்டிய பெஞ்சுகள். ஏறியவர்கள் வரிசையாக உட்கார்ந்து எதிர்வரிசையைப் பார்த்தாக வேண்டும். இந்த அமைப்பை நான் சும்மா குறிப்பிடவில்லை. பயணி ஓவியங்களை ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஓவியரின் பாணியைவிட இருக்கையின் அமைப்பே படத்தை அதிகம் தீர்மானிக்கிறது என்று தோன்றுகிறது. நீளவாக்குப் பெஞ்சில் முழு உருவம் கிடைக்கும்: தலை முதல் செருப்பு வரை, பக்கத்து ஆளோடு இடிக்கும் தோளோடு. டோமியே 1839இலேயே ஆம்னிபஸ்ஸின் உள்புறத்தைக் கல்லச்சில் வரைந்துவிட்டார். குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவனுக்கும் இறைச்சிக் கடைக்காரனுக்கும் நடுவே நெருக்கப்பட்ட ஒரு பெண் அந்தப் படத்தின் விஷயம். அந்த நெருக்கத்தை ஒரு வரிசையாகக் காட்ட முடிந்ததற்குக் காரணம் பெஞ்சு போட்டிருந்த விதம்.

மேரி கசாட் 1891இல் வெளியிட்ட பத்து வண்ண அச்சுப்படங்களில் ஒன்றும் பொது வாகனத்தின் உள்புறம்தான். ஒரு சீமாட்டி, குழந்தையை மடியில் வைத்த தாதி, பின்னால் சன்னல்களில் ஆறும் பாலமும். டோமியேவின் நெரிசல் அங்கே இல்லை. ஜப்பானிய அச்சுப்படங்களைப் பார்த்துக் கற்ற வெறுமையும் தெளிந்த கோடும் இருக்கின்றன. ஆனால் பெஞ்சு அதே நீளவாக்குப் பெஞ்சு. அதனால்தான் இரண்டு பெண்களையும் அருகருகே வைத்து, ஒருத்தி வெளியே பார்ப்பதையும் மற்றவள் குழந்தையையே கவனிப்பதையும் ஒரே சமயத்தில் நமக்குக் காட்ட முடிகிறது.

டோமியே பயணிகள் பக்கம் வந்த கதையில் அரசியல் இருக்கிறது. மன்னன் லூயி பிலிப்பை மக்களின் வரிப்பணத்தை விழுங்கும் பூதமாக வரைந்ததற்காக 1832இல் ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றவர் அவர். 1835 செப்டம்பர் சட்டங்கள் அரசியல் கேலிச்சித்திரத்தின் வாயை அடைத்தன. அதன்பிறகு ‘லெ ஷரிவரி’ நாளிதழுக்கு வாரந்தோறும் படம் கொடுத்தாக வேண்டிய ஓவியர், அரண்மனையிலிருந்து கண்ணைத் திருப்பி வக்கீல்களையும் வாடகைக்குக் குடியிருப்பவர்களையும் வண்டியில் போகிறவர்களையும் பார்க்கத் தொடங்கினார். வாழ்நாளில் ஏறத்தாழ 4000 கல்லச்சுப் படங்கள். 1840களில் மேற்கூரையற்ற மலிவுப் பெட்டிகளில் நனைந்தும் விறைத்தும் போனவர்கள் அவற்றில் இருக்கிறார்கள். முதலில் சிரிப்புக்காக வந்த இந்தப் பயணிகள் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வரும்போது யாரும் சிரிக்கவில்லை. 1864இல் பால்டிமோர் நகரச் சேகரிப்பாளர் வில்லியம் வால்டர்ஸுக்காக முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் மூன்றையும் நீர்வண்ணத்தில் தனித்தனியே வரைந்து கொடுத்தார். முதல் வகுப்பில் நால்வர் நாலு தனிமனிதர்களாக இருக்கிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. மூன்றாம் வகுப்பில் உடல்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கின்றன. வர்க்கம் என்பதை அவர் உடையில் மட்டும் காட்டவில்லை. அந்நியருக்கும் அந்நியருக்கும் நடுவே எவ்வளவு இடம் விடப்படுகிறது என்பதில் காட்டினார். ஒரு நாள் ஒரு பெட்டியில் உட்கார்ந்து பார்த்ததிலிருந்து இப்படியொரு முடிவுக்கு வந்துவிட முடியாது. பல ஆண்டுகள், பல பெட்டிகள், பல நூறு முகங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, வேண்டாதவை உதிர்ந்த பிறகே அந்த இடைவெளி கண்ணுக்குப் புலப்படும்.

அவர் நினைவாற்றலுக்கு வேறு சான்றும் உண்டு. 1830களில் பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினர்களையும் அவர்களைச் சார்ந்தவர்களையும் சின்னச் சின்னக் களிமண் தலைகளாக டோமியே பிடித்து வைத்தார். அவற்றில் 36 இன்று பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சபையில் பார்த்துவிட்டு, திரும்பி வந்து, மனத்தில் இருந்ததைக் களிமண்ணில் பிசைந்தவை என்றே மரபாகச் சொல்லப்படுகிறது. பிறகு அந்தத் தலைகளைப் பார்த்துத்தான் கல்லச்சுக்கு வரைந்தார்.

அவர் காலத்துப் பாரிசில் இது ஒருவரின் தனித் திறமையாக மட்டும் இருக்கவில்லை, ஒரு கொள்கையாகவே பேசப்பட்டது. 1848 வாக்கில் ஓவிய ஆசிரியர் ஒராஸ் லெகோக் த புவாபோத்ரான், ஓவியருக்கான நினைவுப் பயிற்சி பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். எளிய உருவங்களைப் பார்த்து, மறைத்துவிட்டு, வரையச் சொல்வதில் தொடங்கும் அவர் பாடம் படிப்படியாகக் கடினமாகும். ஃபான்டன் லத்தூர், ரோதான் ஆகியோர் அவரிடம் படித்தவர்கள். 1863இல் கவிஞர் போதலேர் எழுதிய ‘நவீன வாழ்வின் ஓவியர்’ கட்டுரை இந்த வாதத்தை இன்னும் தூரம் கொண்டுபோனது. கிரிமியப் போரை லண்டன் படப் பத்திரிகைக்காக வரைந்த கான்ஸ்தான்தன் கீஸ் அதன் நாயகர். தம் பெயரை எழுதக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டதால் கட்டுரை முழுக்க அவர் எழுத்துச் சுருக்கத்திலேயே குறிப்பிடப்படுகிறார். பகலெல்லாம் கூட்டத்தில் திரிந்துவிட்டு, ஊர் உறங்கும் நேரத்தில் விளக்கடியில் குனிந்து, கண்ட முகங்கள் நழுவிவிடும் முன் தாளில் பிடிப்பவராக அவரைப் போதலேர் காட்டுகிறார். நல்ல ஓவியர் எவரும் மனத்தில் பதிந்த பிம்பத்திலிருந்தே வரைகிறார் என்பது அவர் துணிபு. நேரில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வரைந்தால் நுணுக்கங்கள் கலகம் செய்து ஓவியரை மூழ்கடித்துவிடும் என்று அவர் அஞ்சினார்.

இந்த அச்சம் வெறும் இலக்கியச் சொல்லாடல் என்று தள்ளிவிட முடியவில்லை. ஓடும் ரயிலில் பேனாவோடு உட்கார்ந்தவர் எவருக்கும் தெரியும், எதிரில் இருப்பவர் கொடுக்கும் செய்தி கை வாங்கிக்கொள்ளக்கூடியதைவிட எத்தனையோ மடங்கு அதிகம். சட்டையின் கட்டம், கைப்பையின் ஜிப்பு, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, சன்னல் கம்பியின் நிழல். எது அந்த மனிதர், எது அவர்மேல் இருக்கும் பொருள் என்று பிரிப்பதற்குள் வண்டி நின்றுவிடும்.

இன்னொன்றும் உண்டு. கண் தாளில் இருக்கும்போது முகத்தில் இல்லை. நேரில் பார்த்து வரைகிறோம் என்று சொல்லும்போதும் ஒவ்வொரு கோடும் ஒரு கண நினைவிலிருந்துதான் விழுகிறது. 1990களின் இறுதியில் ஜான் சலென்கோ என்ற ஆய்வாளர் லண்டன் ஓவியர் ஹம்ஃப்ரி ஓஷன் உருவப்படம் வரையும்போது அவர் கண்ணசைவுகளைக் கருவி பொருத்திப் பதிவு செய்தார். தேர்ந்த ஓவியரின் கண் முகத்துக்கும் தாளுக்குமாக ஓர் ஒழுங்கோடு போய் வருவதும், ஒவ்வொரு பார்வையிலும் சிறு பகுதி ஒன்றை மட்டும் எடுத்து வருவதும் அதில் தெரிந்தது. ஆகவே ‘பார்த்து வரைதல்’, ‘நினைவிலிருந்து வரைதல்’ என்று இரு எதிர் முகாம்கள் இல்லை. இருப்பது கால இடைவெளி ஒன்றுதான். ஒருவருக்கு அது ஒரு நொடி. கீஸுக்கு அரை நாள். டோமியேவுக்கு இருபது ஆண்டு.

நினைவைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தவர்களில் இருபதாம் நூற்றாண்டின் பெரிய பெயர் ஹென்றி மூர். 1940 செப்டம்பரில் லண்டன்மேல் ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசத் தொடங்கியிருந்தன. சிற்பியான மூர் ஓரிரவு வெளியே சாப்பிட்டுவிட்டுப் பாதாள ரயிலில் பெல்சைஸ் பார்க் நிலையத்துக்குத் திரும்பினார். வண்டி ஒவ்வொரு நிலையத்தில் நின்றபோதும் நடைமேடை நெடுக மக்கள் போர்வையோடு படுத்துக் கிடந்தார்கள். பயணி என்ற நிலையிலிருந்துதான் அவர் அவர்களை முதலில் பார்த்தார் என்பதை நான் இங்கே அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். கென்னத் கிளார்க் தலைமையில் இருந்த போர்க்கால ஓவியர் குழு பிறகு அவரை இந்த வேலையில் அமர்த்தியது. இரவில் நிலையங்களுக்குப் போவார். அங்கே வரையமாட்டார். ஒதுங்கி நின்று கிடைத்த தாளில் ஓரிரு சொற்கள் குறித்துக்கொள்வார். படம் மறுநாள் பட்டறையில்தான். ஒளிந்துகொள்ள வீடில்லாமல், உடை மாற்ற மறைவில்லாமல் கிடப்பவர்கள் முன் நோட்டை விரித்து உட்காருவது அவர்கள் வீட்டுக்குள் கேட்காமல் நுழைவதற்குச் சமம் என்று அவர் கருதினார். மெழுகுக் கிரேயானால் கோடிழுத்து மேலே நீர்வண்ணம் பூசினால் மெழுகில் வண்ணம் ஒட்டாமல் விலகும். அந்த உத்தியால் உறங்குபவர்களின் உடல்களை இருளிலிருந்து வெளுப்பாக எழுப்பினார். லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தை அடுத்து, இன்னும் தண்டவாளம் போடப்படாத ஒரு சுரங்கம் தங்குமிடமாக இருந்தது. அதை 1941இல் அவர் வரைந்த படத்தில் இருபுறமும் உடல்கள் வரிசையாகப் படுத்திருக்க, சுரங்கம் கண்ணுக்கெட்டாத தூரம் குறுகிக்கொண்டே போகிறது. எந்த முகமும் அடையாளம் காணக்கூடியதில்லை. அங்கே கிடந்த எவரையும் அந்தப் படம் அவமானப்படுத்தியிருக்க முடியாது. அதே நேரம் அந்த இரவுகளைப் பற்றி அதைவிட உண்மையான சாட்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.

மூர் நிலையங்களில் அலைந்த அதே ஆண்டுகளை ஒட்டி நியூயார்க்கில் வாக்கர் ஈவன்ஸ் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தார். 1938க்கும் 1941க்கும் இடையில் பாதாள ரயிலில் எதிர் இருக்கைக்காரர்களை ஒளிப்படம் எடுத்தார். கேமராவின் பளபளப்பான பகுதிகளில் கறுப்பு பூசி, கோட்டுப் பொத்தான்களுக்கு நடுவே லென்ஸை வைத்து, இயக்கும் கம்பியைச் சட்டைக் கைக்குள் கொண்டுவந்து, யாருக்கும் தெரியாமல் எடுத்தவை அவை. யாரும் தோரணை காட்டாத முகங்கள். இந்தச் சுரங்க வாழ்க்கையைப் பதிவு செய்ய ஒரு நவீன டிக்கன்ஸோ டோமியேவோ வரக்கூடும் என்று அவரே பிற்காலத்தில் எழுதினார், அதாவது எந்த மரபில் தாம் நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் படங்கள் புத்தகமாக வந்தது 1966இல். கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தார். முகங்கள் வயதாகி, அவற்றின் சொந்தக்காரர்களைத் தெருவில் கண்டால் அடையாளம் தெரியாத அளவு காலம் கடந்த பிறகே அவை வெளியே வந்தன. படங்கள் அருமையானவை. ஆனாலும் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம், இவர்களுக்குத் திரும்பிப் பார்க்க ஒரு வாய்ப்புக் கொடுக்கப்படவில்லையே என்ற எண்ணத்தை என்னால் விலக்க முடிவதில்லை.

வரைபவருக்கு அந்த மறைவு கிடையாது. தலை மேலும் கீழுமாக ஏறி இறங்கும் ஒருவரை எதிரில் இருப்பவர் இரண்டு நிமிடத்தில் கண்டுகொள்வார். சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963இல் விளக்கியது போல, பொது இடத்தில் அந்நியரை ஒரு முறை பார்த்து, பார்த்ததை ஒப்புக்கொண்டு, உடனே கண்ணை விலக்கிக்கொள்வது ஒரு மரியாதை. ஓவியர் அந்த மரியாதையை மீறுகிறார். மீறுவது மட்டுமில்லை, மீறுவது வெளியே தெரிகிறது. எதிரில் இருப்பவர் முகத்தைத் திருப்பலாம், முறைக்கலாம், எட்டிப் பார்த்து ‘இது நானா?’ என்று கேட்கலாம். இந்தச் சமநிலையை நான் மதிக்கிறேன். நேரில் வரைய வேண்டும் என்ற விதிக்கு ஆதரவாகச் சொல்லக்கூடியவற்றில் மிகவும் வலுவானது இதுதான் என்றும் நினைக்கிறேன்.

சென்னைக்கு வருவோம். நகரின் அரசு கவின் கலைக் கல்லூரியை 1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் ஒரு கலைப் பள்ளியாகத் தொடங்கினார். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அது நிற்கும் இடத்திலிருந்து எழும்பூரும் சென்ட்ரலும் நடக்கும் தூரம். தலைமுறை தலைமுறையாக அதன் மாணவர்கள் மனித உருவம் பழக இந்த நிலையங்களுக்குப் போயிருக்கிறார்கள். காசு கொடுக்காமல் கிடைக்கும் மாடல்கள், விதவிதமான முதுகு, விதவிதமான மூட்டை, இரவெல்லாம் விளக்கு. ஆனால் அது காத்திருப்பவர்களை வரைவது. மதுரை வண்டிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தால் ஆள் அங்கேயே உட்கார்ந்திருப்பார். ஓடும் மின்சார ரயில் வேறொரு பள்ளிக்கூடம்.

கடற்கரை முதல் தாம்பரம் வரையிலான மின்சார ரயில் 1931இல் மீட்டர் பாதையில் ஓடத் தொடங்கியது. 2004இல் அந்தச் சிறிய பெட்டிகள் போய் முழுக்க அகலப் பாதை வந்துவிட்டது. இன்றும் எதிரெதிர் இருக்கைகள்தான் அதன் அமைப்பு. முழங்காலுக்கு முழங்கால் இடிக்கும் தூரத்தில் மூன்று பேருக்கு மூன்று பேர், நெரிசல் நேரத்தில் ‘கொஞ்சம் தள்ளி உட்காருங்க’ என்று நான்காமவர். இங்கே ஆம்னிபஸ்ஸின் முழு உருவம் கிடைக்காது. கிடைப்பது முகமும், மடியில் இருக்கும் பையும், பைமேல் இருக்கும் கைகளும். டோமியேவின் கிழவியின் அதே சட்டகம் என்று சொல்லலாம். எழுந்து நிற்பவர்களிடமிருந்து இடுப்பும் கைப்பிடியைப் பற்றிய தூக்கிய கையும் மட்டும். 2015இல் வந்த சென்னை மெட்ரோவில் இருக்கைகள் மறுபடி நீளவாக்கில் சுவரோரம் போயின. அங்கே வரைபவர்களின் நோட்டுகளில் திடீரென்று கால்களும் செருப்புகளும் வரத் தொடங்கியதைப் பார்க்கலாம்.

மின்சார ரயிலில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு நிலையம். மாம்பலத்தில் ஏறும் ஆள் சைதாப்பேட்டையிலோ கிண்டியிலோ இறங்கிவிடலாம். அதனால் வரைகிறவர்கள் சில வழிகளைக் கைக்கொள்கிறார்கள். நான் பின்பற்றுவதும் இவையே. முதலில் தோளும் கழுத்தும் சேரும் கோடு, ஏனென்றால் ஒருவர் உட்கார்ந்திருக்கும் விதம் அதில் முக்கால் பங்கு வந்துவிடும். கண், வாய் போன்றவற்றை வண்டி நிலையத்தில் நிற்கும் அந்த அரை நிமிடத்துக்கு ஒதுக்கி வைப்பது. ஓடும்போது குலுக்கலோடு போகக்கூடிய நீண்ட கோடுகள் மட்டும். ஒரே பக்கத்தில் மூன்று நான்கு பேரைத் தொடங்கிவைப்பது. மனிதர்கள் அசைந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பி வரும் வழக்கமுடையவர்கள், அவரவர் திரும்பும்போது அந்தந்தப் படத்துக்குப் போகலாம். தலையை வரைவதற்குள் ஆள் இறங்கிவிட்டால் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தவரின் தலையை அந்த உடம்பின்மேல் ஒட்டவைப்பவர்களும் உண்டு. அதை நான் செய்வதில்லை. இரண்டு மனிதரைக் கலந்து மூன்றாவதாக இல்லாத ஒருவரைச் செய்வதைவிட, அரைகுறையாக விடுவதோ, இறங்கியவரை அன்றிரவே நினைவிலிருந்து முடிப்பதோ நேர்மையானது.

நேரில் மட்டுமே என்ற விதி கடுமையாகும்போது ஒரு கோணல் வருகிறது. அசையாதவர்களே வரையப்படுகிறார்கள். எந்தப் பயண நோட்டை வாங்கிப் புரட்டினாலும் பாதிப்பேர் தூங்குகிறவர்கள், மீதிப்பேர் செல்போனைப் பார்த்துக் குனிந்தவர்கள். அதைப் பார்த்து நம் ரயில் தூங்குகிறவர்களாலும் போன் பார்ப்பவர்களாலும் நிறைந்தது என்று நூறு ஆண்டு கழித்து ஒருவர் முடிவு கட்டினால் பிழை அவருடையதாகாது. படிக்கட்டில் தொங்கிக்கொண்டு ஒரு கையால் உள்ளே இருப்பவரின் டிபன் பையை வாங்கிக் கொடுக்கும் இளைஞன், வேர்க்கடலைக் கூடையோடு நெரிசலைப் பிளந்து வருபவர், எதிர் இருக்கைக் குழந்தையிடம் முகத்தைக் கோணிக் காட்டும் போலீஸ்காரர், சண்டை வந்து சண்டை அடங்கும் அந்த ஒன்றரை நிமிடம்: இவையெல்லாம் அந்த நோட்டுகளில் இல்லை. இவை ஓடிக்கொண்டே இருப்பவை, நினைவைத் தவிர வேறெதிலும் தங்காதவை.

தூங்குபவரை வரைவதில் மூர் சந்தித்த அதே கேள்வியும் ஒளிந்திருக்கிறது. தூங்குபவரால் திரும்பிப் பார்க்க முடியாது. வரைபவருக்கும் வரையப்படுபவருக்கும் இடையே நான் மேலே சொன்ன சமநிலை அங்கே இல்லை. வாய் பிளந்து, தலை ஒருபுறம் தொங்கி, இரவுப் பணி முடித்து வரும் ஒருவரை வரைவது எளிது, ஆகவே அது அடிக்கடி நடக்கிறது. பெண்களை ஆண் ஓவியர்கள் வரைவதில் இது இன்னும் கூர்மையாகிறது. பொது வாகனத்தில் உற்றுப் பார்க்கப்படுவது நம் ஊரில் பெண்களின் அன்றாடத் தொல்லை. கையில் நோட்டு இருப்பதால் அந்தப் பார்வை தூய்மையாகிவிடாது, பார்க்கப்படுபவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவும் வாய்ப்பில்லை. முகத்தை விட்டுவிட்டுக் கைகளை வரையலாம். பார்த்துவிட்டால் நோட்டைத் திருப்பிக் காட்டலாம், வேண்டாம் என்றால் தாளைக் கிழித்துக் கொடுத்துவிடலாம். அல்லது மூர் செய்ததைச் செய்யலாம்: கண்ணால் ஒரு முறை, சொல்லால் ஒரு குறிப்பு, கோடு வீட்டில். பெண்களுக்கான பெட்டிக்குள் நடப்பதைப் பெண் ஓவியர்கள்தான் நமக்கு வரைந்து தர முடியும். அந்த நோட்டுகள் போதிய அளவு அச்சில் வராதது நம் நகரச் சித்திரத்தில் பெரிய ஓட்டை.

லெகோக்கின் நினைவுப் பயிற்சியை நம் ரயிலுக்கு ஏற்றபடி எடுத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. கிண்டியில் ஏறியவரைப் பரங்கிமலை வரை வெறுமனே பார்ப்பது. பேனாவைத் தொடாமல், மூடிய கண்ணுக்குள் அவரை ஒரு முறை மேலிருந்து கீழாக வரைந்து பார்ப்பது. பழவந்தாங்கலில் நோட்டைத் திறப்பது. தொடக்கத்தில் மூக்கும் கண்ணாடியும் மட்டுமே மிஞ்சும், போகப் போகத் தோளின் சாய்வும், பையைப் பிடித்த விரல்களின் இறுக்கமும் வந்து சேரும். மறந்தவை எவை என்பதும் பாடம்தான். கட்டம் போட்ட சட்டையின் கட்டங்கள் மறந்திருக்கும், சட்டைக்காரரின் சலிப்பு மறந்திருக்காது.

நினைவுக்கும் எல்லை உண்டு என்பதைப் பூக் கட்டும் பெண்களை வரைய முயலும் எவரும் உணர்வார்கள். மாலை நேர வண்டியில் மடியில் உதிரி மல்லியைக் கொட்டி, விற்பனைக்கோ வீட்டுக்கோ கட்டிக்கொண்டே வருகிறார்கள். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், விரலில் சுற்றிய நூல் ஒரு வளையமாக விழுந்து இறுகுகிறது. பார்த்து வரைய முடியாது, விரல்கள் நிற்பதில்லை. நினைவிலிருந்து வரையவும் முடியாது, அந்த வளையம் எப்படி விழுந்தது என்று கண் பார்த்திருக்காது. ஒளிப்படம் ஒரு கணத்தை நிறுத்தித் தரும், ஆனால் எந்தக் கணத்தில் முடிச்சு முடிச்சாகிறது என்று சொல்லாது. நோட்டு நிறையத் தப்பான விரல்கள் சேர்ந்தபின் நான் செய்தது, வீட்டில் பூக் கட்டத் தெரிந்தவரிடம் உட்கார்ந்து நானே கட்டப் பழகியது. முதல் சரம் அவிழ்ந்து கொட்டியது. பெருவிரல் எங்கே அழுத்த வேண்டும் என்று கைக்குத் தெரிந்த பிறகு, ரயிலில் அந்த விரல்களைப் பார்க்கும்போது அடுத்த அசைவு முன்கூட்டியே தெரிய ஆரம்பித்தது. இப்போது கோடு அந்த அசைவுக்குச் சற்று முன்னாலேயே போய்க் காத்திருக்கிறது.